2147483647

உயர்தர வகுப்பில் தூய கணிதம் படிப்பித்த சேரைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதிவிட்டார்கள். வேட்டி, சைக்கிள், பிரம்பு எல்லாம் வந்துவிட்டது. எனக்கு அவர் என்றால் 2147483647 தான்.

2இன் 31ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. பாடத்திட்டத்தில் இல்லை. கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது முதன்மை எண்ணோ?" என்றார்; அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றிப் பிரியாததோ என்று. வகுத்துப் பார்ப்போம் சேர் என்றோம்.

"சரி, வர்க்கமூலம் 46340 மட்டும் போகவேணும். அதுக்குள்ள 4792 முதன்மை எண் கிடக்கு. விடியும்வரை இருப்பியளோ?"

அப்புறம் சின்ன எண்ணுக்கு இறங்கினார். 2இன் 11ஆம் வலுவில் ஒன்று குறைய 2047. அது 23 × 89. இரண்டு காரணியும் 22இன் மடங்கோடு ஒன்று. 22 என்பது 11இன் இரட்டிப்பு. வலு முதன்மை எண்ணானால் காரணிகள் இப்படித்தான் அமைய வேண்டும், கணிதர் ஃபேர்மாவின் தேற்றம் வேறு வழி விடாது. ஆகவே 31க்கு 62இன் மடங்கோடு ஒன்று. அதோடு 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248இன் மடங்கோடு 1 அல்லது 63. மிஞ்சுவது நானூறுக்கும் குறைவான எண்கள். அவற்றிலும் 3, 5, 7, 13 போன்ற சின்ன எண்களால் பிரிகிறவை கழியும்.

முதலில் நிற்பது 311. வகுத்தோம், மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. மணி அடித்துவிட்டது.

மிச்சத்தையும் முடித்து, அது முதன்மை எண்தான் என்று 1772இல் பேர்னூலி என்ற கணிதருக்குக் கடிதம் எழுதினார் கணித மேதை ஒயிலர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை. அதற்குப் பிறகு நெடுங்காலம், அறியப்பட்ட முதன்மை எண்களில் அதுவே பெரியது.

ரொறன்ரோவில் மென்பொருள் வேலைக்கு வந்தபின் அதே எண் திரும்ப எதிர்ப்பட்டது. 32 பிற்றில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில், கூட்டல் கழித்தல் குறியோடு அடங்கும் மிகப் பெரிய முழுவெண் அது. விநாடி விநாடியாய் எண்ணும் பழைய கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரி 19இல் அதில்தான் போய் முட்டும். ஆனால் அது முதன்மை எண்ணாய் இருப்பது கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. 64 பிற்றின் எல்லை 7ஆல் பிரிகிறது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

2024இல் கண்டுபிடித்த முதன்மை எண்ணும் 2இன் ஒரு வலுவில் ஒன்று குறைய வருவதுதான்; அதற்கு 4 கோடிக்கு மேல் இலக்கங்கள். அந்த நீளம் எனக்குப் பெரிதாய்ப் படவில்லை. அந்தத் தேடலிலும், நீண்ட சோதனையைத் தொடங்குமுன், வலுவின் இரட்டிப்பின் மடங்கோடு ஒன்று என்ற அதே அரிதட்டில்தான் முதலில் அரிக்கிறார்கள்.