கையேடும் வினாத்தாளும்

ஜெர்மனியில், பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறியியல் துறையில் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். பாடம் நடத்துவது என் வேலை அல்ல. நடத்தப்படும் பாடங்கள் தரச்சான்றுக்குத் தகுதியானவை என்பதை ஆவணங்களின் வழியாக நிறுவுவதே என் வேலை. இங்கே ஒரு பட்டப்படிப்புக்குத் தரச்சான்று எட்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. சுய மதிப்பீட்டு அறிக்கையை நாங்கள் எழுத, தரச்சான்றுப் பணிக்கான முகமை ஒன்று அமைக்கும் நிபுணர் குழு நேரில் வந்து பார்த்து அறிக்கை தர, பான் நகரில் உள்ள தரச்சான்று மன்றம் இறுதி முடிவெடுக்கிறது. அந்த முடிவும் முன்பு முகமைகளின் கையில்தான் இருந்தது. இத்தனை முக்கியமான விஷயத்தில் சட்டமன்றம் தானே விதிகளை வகுக்காமல் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2016இல் கூறிய பிறகு, 2018 முதல் இப்போதைய முறை நடைமுறைக்கு வந்தது.

இதற்கெல்லாம் மேலே இருப்பவை, 2005இல் பெர்கனில் ஏற்கப்பட்டு 2015இல் எரவானில் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தர நெறிகள். தரத்துக்கு முதல் பொறுப்பு கல்வி நிறுவனத்துடையதே என்று அவை சொல்கின்றன. உத்தேசித்த கற்றல் விளைவுகளை, அதாவது பாடம் முடியும்போது மாணவருக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, எந்த அளவுக்கு எட்டியிருக்கிறோம் என்று காட்டுவதற்குத் தேர்வு மாணவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தர உறுதிப்பாடு என்ற பெயரில் நாங்கள் சேர்க்கும் காகிதக் கட்டுகளில், என் கணிப்பில், உண்மையான எடை உள்ளது அந்த ஒரு நெறிக்குத்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் சிஓ-பிஓ அட்டவணைகளை (பாடத்தின் விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்தும் அட்டவணைகளை) நிரப்பிச் சலித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

எங்கள் மாட்யூல் கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அளவீட்டுத் தொழில்நுட்பம் என்ற பாடத்தின் பக்கம், மாணவர் ஒரு பணிக்கு ஏற்ற உணரியை (சென்சாரை) தேர்ந்தெடுப்பார், அளவீட்டின் பிழை வரம்பைக் கணிப்பார், முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்று காரணத்துடன் விளக்குவார் என்று குறை சொல்ல முடியாதபடி எழுதப்பட்டிருந்தது. நிபுணர் குழுவில் குறைந்தது இரண்டு பேராசிரியர்களும், தொழில் துறையிலிருந்து ஒருவரும், ஒரு மாணவரும் இடம்பெற வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவில் இருந்த மாணவர், பேராசிரியர்கள் கையேட்டின் வாசகங்களை அலசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பாடத்தின் பழைய வினாத்தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். தொண்ணூறு நிமிடத் தேர்வு அது. வினாக்களில் பெரும்பாலானவை வரையறைகளையும் சூத்திரங்களையுமே கேட்டன. பிழை வரம்புக்கு ஒரு வினா இருந்தது; தேவையான எண்கள் எல்லாம் அதிலேயே கொடுக்கப்பட்டிருந்ததால், சூத்திரத்தில் எடுத்துப் போட்டாலே விடை வந்துவிடும். உணரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா எதிலுமே இல்லை.

அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியரைக் குறை சொல்வது எளிது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களின் ஆய்வக அறிக்கைகளைத் திருத்த அவருக்கு உதவியாளர் எவரும் இல்லை. வரையறை வினாவை விரைவில் திருத்திவிடலாம். மாணவர் மேல்முறையீடு செய்தால் மதிப்பெண்ணுக்குக் காரணம் காட்டுவதும் எளிது. தேர்வு கையேட்டோடு பொருந்த வேண்டும் என்று குழு பரிந்துரைக்க, மன்றம் விதித்த நிபந்தனையை நிறைவேற்ற, வழக்கம்போல் பன்னிரண்டு மாத அவகாசம் கிடைத்தது. தேர்வு முறையை மாற்றத் தேர்வு ஒழுங்குவிதியைத் திருத்த வேண்டும். அது துறைக் குழுவைக் கடந்து, சட்டப் பிரிவின் பரிசீலனையிலும் தேறியாக வேண்டும் என்பதால், அந்த அவகாசம் தாராளமானதல்ல. கடைசியில் எழுத்துத் தேர்வை வைத்துக்கொண்டே, ஆய்வகத்தில் எடுத்த பதிவுகளைக் கொடுத்து, இந்த முடிவை நம்பலாமா என்று கேட்கும் பெரிய வினா ஒன்றைச் சேர்த்தோம். அந்த வினாவைத் திருத்தும் நேரத்துக்கு ஈடாக அவருடைய கற்பித்தல் சுமையில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. இந்த ஈடு கிடைத்திராவிட்டால் எதுவும் மாறியிருக்காது.

மாணவர் கருத்துப் படிவங்களால் கையேட்டுக்கும் வினாத்தாளுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஐந்து கிரெடிட் பாடத்துக்கு 150 மணி நேர உழைப்பு என்பது எங்கள் கணக்கு. அதில் வகுப்பு 60, சொந்தப் படிப்பு 90. படிவத்தை மாணவர்கள் பருவத்தின் நடுவில், தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே நிரப்பிவிடுவதால், அந்தத் தொண்ணூறு மணி நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பது அதில் பதிவாவதே இல்லை.

கற்றல் விளைவுகள் வெறும் சடங்கு என்று நான் சொல்லவில்லை. போர்த்துகலிலோ பின்லாந்திலோ ஒரு பருவம் படித்துத் திரும்பும் மாணவரின் பாடங்களை ஏற்பதா என்று முடிவெடுக்கும்போது, எங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கக் குறிப்புதான். பிற நாட்டுப் படிப்புகளை ஏற்பது பற்றிய 1997ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்படிக்கையின்படி, கணிசமான வேறுபாடு இருப்பதை நிறுவும் பொறுப்பு மறுக்கும் நிறுவனத்துக்கே உரியது. மங்கலாக எழுதிய பக்கத்தை வைத்து மறுக்கவும் முடியாது, மனநிறைவோடு ஏற்கவும் முடியாது.

இப்போது கையேட்டைத் திருத்தும்போதெல்லாம் கடைசி வினாத்தாளையும் இணைக்கச் சொல்கிறேன். கருத்துச் சுதந்திரத்தையும் கற்பித்தல் சுதந்திரத்தையும் காக்கும், ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவைச் சுட்டி ஓரிருவர் மறுக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. அவர்களிடம் வினாத்தாளைக் கேட்பதில்லை. எந்த விளைவை எந்த வினா சோதிக்கிறது என்று அவர்களே குறித்துத் தந்தால் போதும் என்று விட்டுவிடுகிறேன். அந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்த பிறகு, இருவர் தாமாகவே வினாத்தாளை மாற்றினார்கள்.