மாரிப் புல்லும் குதிரையின் வாய்க்கூடும்

மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள் வளவெல்லாம் அறுகு தழைத்துவிடும். கட்டிவைத்துத் தவிடும் போட்டு வளர்க்கிற குதிரை அதில் நாள் முழுக்க மேய்ந்தால் கொழுத்துப்போகும். லமினைட்டிஸ் எனும் குளம்பழற்சி வந்தால் நடக்கவே மாட்டாது. அதற்குத்தான் வாய்க்கூடு. மண் தின்னும் கன்றுக்குக் கட்டுவதுபோல வாயை முழுதாக அடைப்பதல்ல இது. அடியில் ஓட்டை இருக்கும்; நுனிப்புல்லை மட்டும் மேயலாம், தண்ணீரும் குடிக்கலாம். (நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கு இந்தக் கவலை இல்லை. கோடையில் புல்லும் தண்ணீரும் இன்றி மெலிகிறவை அவை.)

குதிரை நிமிர்ந்து நிற்கும்போது அளவு பார்ப்பதுதான் பலர் விடும் பிழை. தலை குனிந்ததும் கூடு முன்னுக்குச் சரிந்து இறங்கிவிடும். நிலத்தில் ஒரு பிடி புல்லைப் போட்டு, குனிந்து மெல்லும்போது பாருங்கள். உதட்டுக்கும் கூட்டின் அடிக்கும் இடையே ஓர் அங்குலம் வேண்டும். குறைந்தால் உதடும் முன்பல்லும் உராயும். கூடினால் புல் வாய்க்கு எட்டாது. மேல்விளிம்பு கன்ன எலும்பு மேட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கட்டும். காதுக்குப் பின்னால் போகும் பிடரிவாருக்கு அடியிலும் இரண்டு விரல் நுழையவேண்டும்.

புண் வருவது மூக்குத்தண்டில், தாடைக்கடியில், காதுக்குப் பின்னால். நைலோன் வார் வியர்வையில் நனைந்து உப்பேறிக் காய்ந்தால் அரம்போல அராவும். பழைய பனியன் துணியைச் சுற்றினாலே போதும், ஆனால் தையல் வெளிப்பக்கம் இருக்கவேண்டும். ஈரத்துணியை மறுநாளும் கட்டினால் அதுவே புண்ணாக்கும். இரண்டு சோடி வைத்து மாறிமாறித் தோய்த்துப் போடுங்கள். மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தால், ஆறும்வரை கூடே வேண்டாம்.

அறுந்துபோக ஓர் இடம் கட்டாயம் வைக்கவேண்டும். கூடு கதிகாலிலோ முட்கம்பியிலோ கொளுவினால் குதிரை பதறிப் பின்னுக்கு இழுக்கும். நைலோன் அறாது, கழுத்துத்தான் போகும். பிடரிவாரை வளையத்தில் நேரே பூட்டாமல் மெல்லிய தோல்துண்டால் இணைத்தால் அந்தத் துண்டு அறும். தண்ணீர் வாளியின் கைபிடியையும் கழற்றுங்கள், அதிலும் கொளுவும்.

முதல் நாள் கால் மணித்தியாலம் போதும். ஓட்டைக்குள்ளால் புல்லைச் செருகிக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். பழகியபின்னும் நாளுக்குப் பத்து மணித்தியாலத்தைத் தாண்டவேண்டாம். நான்கைந்து அங்குலம் நிமிர்ந்த புல்லே ஓட்டைக்குள் ஏறும். கதிர் விட்டுச் சாய்ந்ததைக் கூடு அமுக்கிப் படுக்கவைத்துவிடும், ஒட்ட மேய்ந்த தரையிலோ பட்டினிதான். மாலையில் கூட்டைக் கழற்றிப் புல்லிலேயே விட்டால், பகலில் தின்னாததை எல்லாம் சேர்த்துத் தின்று தீர்க்கும். கொட்டிலில் கட்டிய பிறகு கழற்றுங்கள்.