கொடியை இழுத்தால் போதுமா?

சிங்கப்பூர் ரயில் காரிடார் ஓரமாக இருக்கும் ஒரு துண்டுக் காட்டைத் தொண்டூழியர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. 2011 ஜூன் 30க்குப் பிறகு தஞ்சோங் பகார் வரை ரயில் வருவது நின்றுபோய், பழைய தண்டவாளப் பாதை 24 கிலோமீட்டருக்குப் பசுமை வழியானது. அதில் எங்கள் பங்கு ஒரு கூப்பிடு தூரம், அவ்வளவுதான்.

வருகிறவர்களுக்கு மரம் நடத்தான் ஆசை. 2020ல் தேசியப் பூங்காக் கழகம் பத்து வருடத்தில் பத்து லட்சம் மரம் என்று ஆரம்பித்ததிலிருந்து அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. நடுகிற நாளில் இடம் கிடைக்காது, களை எடுக்கிற நாளில் ஏழு பேர் வந்தால் பெரிது.

களை என்றால் பெரும்பாலும் சான்சிபார் வள்ளி. ஆப்பிரிக்கக் கொடி, இலை அகலமானது, சின்ன மரங்களின் மேல் போர்வை மாதிரி மூடி வெளிச்சமே படாமல் செய்துவிடும். கணுவுக்குக் கணு குட்டிக் காய்க்கிழங்கு தொங்கும், விழுந்த இடத்தில் முளைக்கும். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு தனி.

இதெல்லாம் தெரியாமல்தான் முதல் முறை குழுவை நடத்தினேன். இரண்டு மணி நேரம் இழுத்தோம், ஆள் உயரத்துக்குக் குவித்தோம், படம் எடுத்தோம், கோப்பிக்கடையில் பசியாறினோம். வெயிலில் காய்ந்துவிடும் என்று குவியலை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், பெய்த மழையில் குவியல் முழுக்கப் பச்சை. கம்பத்தில், அதாவது அந்தக் காலக் கிராமத்தில், வளர்ந்த அங்கிள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தோட்டம் போட்டிருக்கீங்க போல" என்றார். இன்னும் சுடுகிறது.

அதிலிருந்து முறையை மாற்றிவிட்டோம். முதலில் காய்களைக் கையால் பறித்துப் பையில் போட்டுக் கட்ட வேண்டும், அப்புறம் கொடியை அறுத்து, வேரோடு போய்க் கிழங்கைச் சாங்கோல் மண்வெட்டியால் தோண்ட வேண்டும், இடையில் முசுறு எறும்புக் கூடு தலையில் விழுந்தால் அதையும் சமாளிக்க வேண்டும். ஒரு காலை முழுக்க வேலை செய்தாலும் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை அளவு இடம்தான் சுத்தமாகும். படம் எடுத்தால் வெறும் மண்தான் தெரியும்.

ஒரு ஆன்ட்டி கிழங்கைக் கையில் வைத்துப் பார்த்து, "வள்ளிக்கிழங்குதானே தம்பி, அவிச்சா என்ன?" என்றார். விஷம் என்று சொன்னேன். பாதி நம்பிக்கையோடு பையில் போட்டார், மறுபாதிக்காக நான் பையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஓர் அலுவலகக் குழு வந்து, நட வேண்டிய மரம் எங்கே என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அங்கிள் ஒரு கொடியை இழுத்துக் கொடுத்து, இதில் எத்தனை காய் என்று எண்ணச் சொன்னார். நாற்பதைத் தாண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் யாரும் மரம் கேட்கவில்லை, கையுறை கேட்டார்கள்.