போன் நெட்டும் லினக்ஸ் லேப்டாப்பும்: எங்கே அறுகிறது என்று தேடிப் பார்த்த குறிப்புகள்

அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி மலைப் பக்கம் பல வீடுகளில் லேப்டாப்புக்கு நெட் என்றால் போன்தான். ஓசூர், தருமபுரி டவுனிலும் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்துவிட்டால் அதே நிலைமை. விண்டோஸில் செருகியதும் ஓடுகிற போன் லினக்ஸில் ஓடவில்லை என்றால், டிரைவர் இல்லை என்று முடிவு கட்டி சிஸ்டத்தையே மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்கள் அதிகம். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று லினக்ஸ் வகைகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் டிரைவர் குறை அபூர்வம். ஆண்ட்ராய்டுக்கான ஆர்என்டிஐஎஸ், என்சிஎம் டிரைவர்களும் ஐபோனுக்கான ஐபிஹெத்தும் கெர்னலோடே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடே வருகின்றன. கோளாறு பெரும்பாலும் கேபிளில், போன் செட்டிங்கில், அல்லது ரூட்டில் (நெட் போகும் வழியில்) இருக்கிறது.

கேபிள் முதலில்

கேபிளைச் செருகுமுன் ஒரு தடவை, செருகிய பின் ஒரு தடவை, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை ஓட்டுங்கள். பட்டியலில் ஒரு வரிகூடக் கூடவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும் மலிவுக் கேபிள்களில் சில, கரண்டுக்கான இரண்டு கம்பி மட்டும் உள்ளவை. டேட்டா கம்பி இரண்டும் உள்ளே கிடையாது. சார்ஜ் ஏறுகிறதே என்று அதை நம்பக் கூடாது. போனில் யுஎஸ்பி டெதரிங் (கேபிள் வழியாக லேப்டாப்புக்கு நெட் தருவது) பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தாலும் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

நல்ல கேபிள் கிடைத்ததும் ஒரு டெர்மினலில், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியை (dmesg) 'டபிள்யூ' (-w) விருப்பத்தோடு ஓடவிட்டு, டெதரிங்கை ஆன் செய்து பாருங்கள். முதலில் 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி வரும். பயப்பட வேண்டாம். போன் தன் முகத்தை மாற்றிக்கொண்டு புதுச் சாதனமாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஓரிரு நொடியில் 'ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட்' அல்லது 'சிடிசி என்சிஎம்' பெயரோடு 'ரெஜிஸ்டர்' என்ற வரி வந்துவிட்டால் கேபிள், டிரைவர் இரண்டும் சரி. அந்த வரி வரவில்லை, லேப்டாப்பும் ஆர்ச் வகை என்றால், கெர்னல் அப்டேட் ஆன பிறகு ரீபூட் செய்தீர்களா என்று பாருங்கள். ஓடுவது பழைய கெர்னல், டிஸ்கில் இருப்பது புதிய கெர்னலின் மாட்யூல் (டிரைவர் கோப்பு) என்றால் டிரைவர் ஏறாது. ரீபூட் போதும்.

ஐபோனில் இன்னொரு படி உண்டு. ஐபோனோடு பேசும் யுஎஸ்பிமக்ஸ்டி (usbmuxd) பேக்கேஜ் லேப்டாப்பில் இருக்க வேண்டும். போனைத் திறந்து வைத்து, 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்விக்குச் சம்மதம் தர வேண்டும். பூட்டிய போனைச் செருகிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

ஐபி வந்தும் நெட் இல்லை

'ஐபி ஏ' (ip a) கட்டளையில் முகவரி தெரிகிறதா? பழைய ஆண்ட்ராய்டில் யுஎஸ்பி கேட்வே (லேப்டாப்புக்கு வெளியே போகும் வாசலான போனின் முகவரி) 192.168.42.129. புதியவற்றில் இது மாறிக்கொண்டே இருக்கும். ஐபோனில் 172.20.10.1. அடுத்து 'ஐபி ரூட்' (ip route). 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரியில் கேட்வே எதுவோ அதற்கு முதலில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகாவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (பெயரை எண்ணாக மாற்றும் சேவை). கேட்வே வரை மட்டும் போனால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம், போனைப் பாருங்கள்.

'டிஃபால்ட்' வரி இரண்டு இருந்தால் மெட்ரிக் எண்ணைப் பாருங்கள். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் வயர் இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600 என்று வைக்கிறது. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. சிப்காட் கம்பெனியிலோ கல்லூரி லேபிலோ நெட் இல்லாத லேன் கேபிள் செருகியே இருந்தால், ஹாட்ஸ்பாட் நன்றாக இருந்தும் லேப்டாப் அந்த வெற்றுக் கேபிளில் போய் முட்டும். அந்த வயர் இணைப்பின் ஐபிவி4 பக்கத்தில் 'இந்த நெட்வொர்க்கில் உள்ளவற்றுக்கு மட்டும்' என்ற பெட்டியை டிக் செய்தால் தீர்ந்தது.

போன் பக்கம் பார்க்க வேண்டியவை: டேட்டா சேவர் ஆனில் இருந்தால் ஆண்ட்ராய்டு டெதரிங்கை விடாது. போனில் விபிஎன் ஓடினால் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். போனில் நெட் இருந்தும் லேப்டாப்புக்கு மட்டும் வராவிட்டால் போனின் மொபைல் நெட்வொர்க் செட்டிங்கில் ஏபிஎன் வகை என்ற பெட்டியில் கமா போட்டு 'டியூஎன்' (dun) சேர்த்துப் பாருங்கள். எல்லையோர ஊர்களுக்கு இன்னொன்று. தளி, பாகலூர், பேரிகைப் பக்கம் போன் கர்நாடக டவரையும், வேப்பனப்பள்ளிப் பக்கம் ஆந்திர டவரையும் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங் ஆஃபில் இருந்தால் சில போன்களில் சிக்னல் கோடு நிறைய இருந்தும் டேட்டா நின்றுவிடும்.

சில தளம் திறக்கும், சில தளம் சுற்றிக்கொண்டே இருக்கும்

இதுதான் அதிக நேரம் தின்ற கோளாறு. பிங் போகிறது, தேடல் பக்கம் வருகிறது, பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன. காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. லேப்டாப் 1500 பைட் பாக்கெட் அனுப்புகிறது. மொபைல் நெட்வொர்க் ஐபிவி6 மட்டும் கொடுத்தால், போன் ஐபிவி4 பாக்கெட்டை ஐபிவி6 ஆக மாற்றித்தான் அனுப்பும். பாக்கெட்டின் தலைப்பு (ஹெடர்) 20 பைட்டிலிருந்து 40 ஆகிறது. பாக்கெட் வழியில் கொள்ளாமல் போகும்போது வர வேண்டிய 'பெரிதாக இருக்கிறது' செய்தியை நடுவில் எவராவது தடுத்துவிட்டால், லேப்டாப்புக்கு விஷயமே தெரியாது.

உறுதி செய்ய, பிங் கட்டளையில் 'எம் டூ' (-M do) விருப்பத்தோடு அளவு 1472 கொடுங்கள். தலைப்பு 28 சேர்ந்து 1500 ஆகும். பதில் இல்லை என்றால் 1372க்கு இறங்குங்கள். அது போனால் இணைப்பின் செட்டிங்கில் எம்டியூவை 1400 என்று வையுங்கள். யோசிக்க நேரமில்லை என்றால் 1280. ஐபிவி6க்கு வேண்டிய குறைந்தபட்ச அளவே அதுதான்.

ஆனால் இந்தத் திருத்தம் மறுநாள் காணாமல் போகும். பல ஆண்ட்ராய்டு போன்கள் டெதரிங்கை ஆன் செய்யும்போதெல்லாம் புது மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருகின்றன. நெட்வொர்க் மேனேஜர் அதைப் புது கார்டு என்று எண்ணி 'வயர்டு கனெக்ஷன் 2', '3' என்று புதிதாக உண்டாக்கும். நீங்கள் மாற்றிய செட்டிங் பழைய மேக்கோடு கட்டிக் கிடக்கும். புதிதாக ஒரு ஈதர்நெட் இணைப்பு உருவாக்கி, அதில் எம்டியூவை வைத்து, மேக் பெட்டியைக் காலியாக விட்டு, என்எம்சிஎல்ஐ (nmcli) கட்டளை வழியாக 'மேட்ச் டிரைவர்' (match.driver) என்ற பண்பில் டிமெஸ்ஜியில் பார்த்த டிரைவர் பெயரைக் கொடுத்தால் மேக் எத்தனை மாறினாலும் அதே இணைப்பு பிடிக்கும். உண்மையான லேன் கார்டின் டிரைவர் வேறு என்பதால் அதை இது தொடாது.

வைஃபை ஹாட்ஸ்பாட்

ஜன்னல் ஓரம் வைத்தால்தான் சிக்னல் என்கிற வீட்டில் யுஎஸ்பி கேபிள் எட்டாது. நீளக் கேபிள் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம், மலிவுக் கேபிள் அதற்கும் முன்பே துண்டித்துத் துண்டித்து வரும். அங்கே ஹாட்ஸ்பாட்தான், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில். சுவர் தாண்டுவது அதுதான். பழைய லேப்டாப் கார்டுகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. ஹாட்ஸ்பாட் பெயர் பட்டியலில் வராததற்கு முதல் காரணம் இது. ஐபோனில் 'அதிகபட்ச இணக்கம்' என்ற பொத்தானை ஆன் செய்ய வேண்டும்.

பெயர் தெரிந்து, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், போனில் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 இலிருந்து டபிள்யூபிஏ2க்கு இறக்குங்கள். 12, 13ஆம் சேனல் தெரியாவிட்டால், நாடு இந்தியா என்று சொல்லும் 'ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்' (iw reg set IN) கட்டளையை ஓட்டுங்கள். இணைந்தும் இழுத்து இழுத்து ஓடினால் காரணம் வைஃபை பவர் சேவ் (மின் சேமிப்பு). உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப் டி (conf.d) கோப்புறையில் அதற்கென்றே ஒரு கோப்பு உண்டு, அதில் 3 என்பதை 2 ஆக்கி சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்தால் ஹாட்ஸ்பாட்டே இல்லையா? யாரும் இணையாவிட்டால் சிறிது நேரத்தில் தானே அணையும் செட்டிங் போனில் இருக்கிறது.

பிராட்காம் கார்டு உள்ள லேப்டாப்பில் புதிதாக லினக்ஸ் போட்டால் வைஃபை டிரைவரை இறக்கவே நெட் வேண்டும். அப்போது யுஎஸ்பி டெதரிங்தான் கைகொடுக்கும். புளூடூத் டெதரிங் ஓடும், வேகம் கிடையாது, மெயில் பார்க்கலாம்.

நெட் வந்த பிறகுதான் அடுத்த தலைவலி. தினம் 1.5 ஜிபி பிளானை, உபுண்டுவின் ஸ்னாப் ஆப்கள் தானாகச் செய்துகொள்ளும் அப்டேட் காலையிலேயே காலி செய்துவிடும். ஸ்னாப் சிஸ்டம் செட்டிங்கில் 'ரீஃபிரெஷ் மீட்டர்டு' (refresh.metered) என்பதை 'ஹோல்ட்' (hold) ஆக்குங்கள். பிறகு அந்த போன் இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று குறித்து விடுங்கள். யுஎஸ்பிக்கு மேலே சொன்ன இணைப்பில், ஹாட்ஸ்பாட்டுக்கு அதன் வைஃபை இணைப்பில், இரண்டிலும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.