தாராவும் சின்ன மாமாவும்

சின்ன மாமாவை நடுச்சாமத்தில் எழுப்பியது நான் இல்லை, அம்மா. அம்மாவைக் கிளப்பிவிட்டது ஒரு தாரா வாத்து.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் இரவு மகள், டிஸ்னியின் மிக்கி எலி நடித்த ‘கிறிஸ்மஸ் கரோல்’ படத்தை இத்தாலிய மொழியில் போட்டாள். 1983-இல் வந்தது, 26 நிமிடம் ஓடும். கஞ்சன் ஸ்க்ரூஜாக வருகிற பணக்காரத் தாராவுக்கு இங்கே இத்தாலியில் பெயர் பபெரோனே. அவரிடம் கைகட்டி வேலை செய்யும் மிக்கி, தொப்பொலினோ. அம்மாவுக்குத் தெரிந்த இத்தாலிய மொழி பலெர்மோ நகரின் பல்லரோ சந்தையில் மீன் விலையைக் குறைக்க மட்டும் போதும். ஆனால் மொழி தெரியாதது அம்மாவின் தீர்ப்புகளை ஒருநாளும் தாமதப்படுத்தியதில்லை.

உறைந்த மையை இளக்க எலி ஒரு துண்டு நிலக்கரியை எடுக்கப் போகிறது. தாரா அதட்டுகிறது. அம்மா உடனே தாராவின் பக்கம். “கரி என்ன விலை விற்கிறது! கேட்டுவிட்டல்லவா எடுக்க வேண்டும்?” நான் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அணைத்துவிடுகிறவர் வேறு எப்படிப் பேசுவார்?

மருமகனாக வரும் பபெரினோ, அதாவது டொனால்ட் டக், வாயைத் திறந்தால் இத்தாலியருக்கே பாதிதான் விளங்கும். என் உச்சரிப்பைத் திருத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் மகளும் அப்போது முழித்தாள். எனக்கு அது போதும்; நத்தார் பரிசு கிடைத்துவிட்டது.

சங்கிலியை இழுத்துக்கொண்டு பிப்போ என்கிற கூஃபி நாய் பேயாக வந்து படியில் விழுந்தபோது அம்மா கீழ்வீட்டுக்குக் கேட்கச் சிரித்தார். கீழ்வீட்டில் எண்களைக் கூப்பிட்டு ஆடும் தொம்போலா ஆடிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறு எண்களையும் கத்தித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குச் சட்டம் போலிருக்கிறது. அவர்கள் கொடுத்தனுப்பிய அத்திப்பழப் புச்செல்லாத்தோப் பலகாரத்தைத் தின்றுகொண்டே எப்படிக் குறை சொல்வது? ஆகையால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினோம். அவர்கள் தொண்டையைக் கூட்டினார்கள்.

அடுத்த பேய், மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவுக்குப் புத்தி சொல்கிற சில்வண்டு. “இவர் உண்மையிலேயே பேய்தான்,” என்றாள் மகள். 1883-இல் வந்த கொல்லோதியின் புத்தகத்தில் பினோக்கியோ மரச்சுத்தியலை எறிந்து சில்வண்டைச் சுவரோடு சாகடித்துவிடுகிறான். அது பிறகு பேயாக வந்தும் புத்தி சொல்கிறது. இதைக் கேட்ட அம்மா, “சொல்புத்தி கேளாத பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எதற்கு என்னை?

பிறகு சுடுகாடு. தன் கல்லறையைத் தாரா தானே பார்த்து நடுங்குகிறது. அம்மா எழுந்து கைபேசியைத் தேடினார். “அம்மம்மா, படம் முடியவில்லை,” என்று மகள் கத்தினாள். யார் கேட்பது? இங்கே எட்டரை என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு ஒரு மணி. இந்தப் படத்துக்கு மூலமாக டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கதையிலும் சங்கிலிப் பேய்க்கு அடுத்த பேய் ஒரு மணிக்குத்தான் வருகிறது.

சின்ன மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தைத்தானே காட்டுகின்றன என்று ஒன்றின் பேட்டரியைக் கழற்றி வைத்தவர். நான் இத்தாலிக்கு வர அவரிடம் வாங்கிய கடனின் முதலைக் கட்டி முடித்துவிட்டேன்; வட்டிக் கணக்கு மட்டும் எங்களுக்குள் வழக்காக ஓடுகிறது.

“யார் செத்தது, அக்கா?” மாமாவின் குரல் நடுங்கியது.

“நீதான். இப்போதுதான் பார்த்தேன்.”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “செத்தவீட்டுக்கு யார் யார் வந்தார்கள்?”

“இரண்டு கீரிகள். குழி வெட்ட வந்தவை. அவையும் சிரித்துக்கொண்டு நின்றன.”

“நீ வரவில்லையா, அக்கா?”

மாமா இப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மாவும் சற்றுத் தடுமாறினார். ஆனால் சற்றுத்தான். “எப்படி வருவது? டிக்கெட் என்ன விலை விற்கிறது!”

“அதுவும் நியாயம்தான்,” என்றார் மாமா.

இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது. முழங்கால் வலி, முருங்கைக்காய் விலை என்று பேச்சு போனது. திரையில் தாரா சம்பளத்தைக் கூட்டி, எலியைத் தொழிலில் கூட்டாளியாகவே ஆக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மாமா என்னைக் கேட்டார். நான் உருகிப்போய்க் கைபேசியை வாங்கினேன்.

“பிள்ளை,” என்றார், “இன்றைக்கு யூரோ என்ன விலை?”