ஹட்டன் குளிரில் பொரிப்புப் பெட்டி: ஈரப்பதம் பார்த்த அனுபவம்

ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் இஸ்தோப்பில் போட்ட துணி நாள் கணக்கில் காயாது. அந்த ஈரத்தை நம்பித்தான் பலரும் "நம்ம ஊருக்கு முட்டை பொரிக்கும் பெட்டியில் தண்ணீரே வைக்கத் தேவையில்லை" என்கிறார்கள். முட்டை வைப்பதற்கு முன், ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் பல்பையும் சின்ன ஃபேனையும் ஓடவிட்டு, தண்ணீர் இல்லாமல் ஈரப்பதம் காட்டும் மீட்டரை மட்டும் போட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க 26 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி!

சூடுதான் காரணம். 15 பாகையில் இருக்கும் காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால், அதற்கு நீராவியைப் பிடிக்கும் கொள்ளளவு நாலு மடங்குக்குக் கிட்ட கூடிவிடும். உள்ள நீராவியோ அதேதான். வெளியே 90 காட்டுவது உள்ளே 25 பக்கம் வந்து நிற்கும். கொழும்புக் காற்று முதலிலேயே சூடு என்பதால், அங்கே தண்ணீர் வைக்காமலே 45ஐத் தொட்டுவிடும். அவர்கள் சொல்லும் அளவு நமக்குச் சரிவராது.

மீட்டரையும் சோதிக்காமல் நம்பக்கூடாது. ஒரு மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை கொஞ்சம் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் போகாத பையில் ஒரு ராத்திரி வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 81 காட்டியது. அதிலிருந்து எப்போதும் 6 கழித்தே படிக்கிறேன்.

கோழி முட்டைக்கு முதல் 18 நாளும் 45 முதல் 55 வரை போதும். ஆழமான டம்ளரில் நிறையத் தண்ணீர் வைத்தும் மீட்டர் பெரிதாக அசையவில்லை. அதே தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றியதும் ஏறியது. ஆழத்தால் பயனில்லை, காற்றுப் படும் பரப்புதான் கணக்கு. கடைசி மூன்று நாளுக்கு 65க்கு மேல் வேண்டும் என்பதால் தட்டில் ஸ்பொஞ்சுத் துண்டுகளை நிமிர்த்தி வைத்தேன். மீன் தொட்டிக் குழாயொன்றை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றுகிறேன். அந்த நாட்களில் மூடியைத் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் குஞ்சின் மேல் சவ்வு காய்ந்து ஒட்டிவிடும். அதற்காகக் காற்றோட்டை அடைக்கவும் கூடாது. குஞ்சு மூச்சு விடுவது அப்போதுதான் அதிகம்.

மீட்டரைவிட முட்டையே நல்ல சாட்சி. இருட்டில் போன் டோர்ச்சை மொட்டைப் பக்கம் பிடித்தால் முட்டைக்குள் காற்று நிற்கும் இடமான காற்றறையின் விளிம்பு கோடாகத் தெரியும். அதைப் பென்சிலால் வரைந்து வைத்து, அது வாராவாரம் கீழே இறங்குகிறதா என்று பார்க்கிறேன். தராசு இருந்தால் இன்னும் நல்லது: 50 கிராம் முட்டை 18ஆம் நாளில் நீர் வற்றி ஆறேழு கிராம் குறைந்திருக்க வேண்டும். ஹட்டன் போல உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, ஓட்டின் வழியே நீர் வேகமாகப் போகும். அதனால் நான் 50க்குக் கீழே விடுவதில்லை.

இடிக்கு முட்டை கெடாமலிருக்க அப்பாயி மூலையில் ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டிருக்கிறார். மீட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும் எடுக்கவில்லை.

இந்த முறை பொரித்த குஞ்சுகளின் தொப்புள் சுத்தமாக மூடியிருந்தது, சவ்வில் ஒட்டியது ஒன்றுமில்லை. அடுத்து வாத்து முட்டை. அதற்கு 28 நாள்.