ஆறாவது வரி

அந்த அட்டவணையில் ஆறாவது வரியை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

ஆஸ்பத்திரியின் நிதிப் பொறுப்பாளர் தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்.

"அந்த ஆறாவது வரி, அதைக் கடன் கொடுப்பவர்கள் கேட்டார்களா?"

"இல்லை."

"அரசுத் தரப்பில்?"

"இல்லை. எப்படியும் கேட்பார்கள் என்று நினைத்தேன்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. யாரோ அவர் அறைக்குள் வந்து எதையோ வைத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. அப்புறம், "எங்கள் போர்டு அந்த ஒரு வரியைத்தான் படித்தது" என்றார். வேறு இரண்டு சந்தேகங்கள் கேட்டார், நன்றி சொன்னார், வைத்துவிட்டார்.

கோபமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன். அந்தக் குரலை எத்தனை முறை மனசில் ஓட்டிப் பார்த்தாலும் ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டடம் கட்டக் கடன் வாங்கும்போது சாத்தியக்கூறு அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கடனுக்கு எஃப்.எச்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு ஜாமீன் நிற்கும். 1934இல் வீட்டுக்கடனுக்காக ஆரம்பித்த ஏற்பாடு அது. 1968இல் பிரிவு 242 என்று ஒன்றைச் சேர்த்து ஆஸ்பத்திரிகளுக்கும் நீட்டினார்கள். பணம் தனியார் கடன் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி தவணை கட்டாமல் விட்டால், கொடுத்தவர்களுக்கு அரசு ஈடு கட்டும். அதற்காக வருடா வருடம் ஆஸ்பத்திரி பிரீமியம் செலுத்த வேண்டும்.

ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் எந்த ஊரிலும் நூறு கேள்வி கேட்கத்தான் செய்வார். கடைசி மூன்று வருட ஆடிட் கணக்கில் நடைமுறை லாபம் சராசரியாகப் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கக் கூடாது. தவணைத் தொகையைப் போல சராசரியாக 1.25 மடங்காவது கையில் மிஞ்சியிருக்க வேண்டும். ஆபீஸில் இதைக் கவரேஜ் என்போம். சொத்தின் மேல் முதல் அடமானம். அது போக, பத்து வருடத்துக்குள் இரண்டு வருடத் தவணைக்கான பணம் தனி நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். இத்தனையும் தேறினால் 25 வருடக் கடன், அதுவும் அந்த அளவு ஆஸ்பத்திரி தன் பெயரை மட்டும் வைத்து எங்கேயும் வாங்க முடியாத வட்டியில்.

கேன்சஸின் மேற்குக் கோடியில் 25 படுக்கை ஆஸ்பத்திரி அது. 1946ஆம் வருடத்து ஹில்-பர்ட்டன் சட்டம் கொடுத்த காசில் அமெரிக்கா முழுக்க எழுந்த சிறு ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இரண்டு அறைக்கு ஒரு கழிவறை, அதன் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. பாய்லருக்கு உதிரிபாகம் கிடைக்காமல் பக்கத்து ஊர்ப் பட்டறையில் செய்து போட்டிருந்தார்கள். மதியம் அங்கே சாப்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் நோயாளியும் இல்லை, ஊழியரும் இல்லை. ஊரில் சூடான சாப்பாடு கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

பழைய மூன்று வருடக் கணக்கு மயிரிழையில் தேறியது. புதுக் கடனின் தவணையை ஏற்றி வரும் வருடங்களைப் போட்டுப் பார்த்தால் கவரேஜ் 1.22.

இப்படிப்பட்ட அறிக்கையில் கடைசியாக ஓர் அட்டவணை வரும். கெட்டது நடந்தால் கவரேஜ் எவ்வளவு இறங்கும் என்று காட்டுவதற்கு. உள்நோயாளிகள் ஐந்து சதவீதம் குறைந்தால், சம்பளம் எதிர்பார்த்ததைவிட ஏறினால், கட்டுமானம் ஆறு மாதம் தள்ளிப்போனால், மெடிகேர் என்ற மத்திய அரசுக் காப்பீடு கொடுக்கும் தொகையை இன்னும் வெட்டினால், இருக்கும் ஒரே அறுவை சிகிச்சை மருத்துவரும் போய்விட்டால். ஐந்து வரி. ஐந்திலும் எண் இறங்கியது. ஆறாவதாக, 'பிரசவப் பிரிவு நிறுத்தம்' என்று போட்டேன். 1.34. மேலே ஏறிய ஒரே வரி. பிறகு எல்லார் கண்ணும் அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரிந்ததா என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

ஏன் ஏறியது என்பதை நான்கு பேரிடம் விளக்கியிருக்கிறேன், நான்கு பேரும் நம்பவில்லை. இந்த மாதிரிச் சிறு கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர் நோயாளிக் கணக்குப் பார்த்து நிலையான கட்டணம் கொடுப்பதில்லை. ஆன செலவில் தன் பங்கைக் கொடுக்கும். சட்டத்தில் 101 சதவீதம், 2013இல் வந்த வெட்டுக்குப் பிறகு கையில் வருவது சுமார் 99. மெடிகேர் முதன்மையாக 65 வயது தாண்டியவர்களுக்கு. பிரசவ வார்டில் அதன் பங்கு கிட்டத்தட்டப் பூஜ்யம். வருடம் 62 பிரசவம் நடந்தாலும், ஒன்றுகூட நடக்காத வாரத்திலும், இரவு பகலாகப் பயிற்சி பெற்ற நர்ஸ் இருந்தாக வேண்டும். அந்தச் சம்பளத்தைத் தாங்க ஆள் இல்லை. அங்கே பிரசவத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் மெடிகெய்ட், அதாவது வசதி குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. வரும் தொகை செலவுக்குக் காணாது. வார்டை மூடினால் நர்ஸ் சம்பளம் மிஞ்சும், அது எல்லாருக்கும் புரியும். புரியாதது அடுத்தது. அந்த வார்டு தலையில் இருந்த கரண்ட், துப்புரவு, நிர்வாகச் செலவின் பங்கு மற்றப் பிரிவுகளுக்கு மாறும். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அதனால் அதே செலவில் கூடுதல் பங்கை மெடிகேர் ஏற்றுக்கொள்ளும். அதாவது குழந்தை பெறும் இடத்தை மூடினால் மத்திய அரசின் ஒரு கை ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாகப் பணம் தரும், இன்னொரு கை சந்தோஷமாக ஜாமீன் போடும். இதைச் செய்யச் சொல்லி எந்த விதியிலும் எழுதவில்லை. கூட்டிக் கழித்தால் அங்கேதான் போய் நிற்கிறது.

வரைவைப் பார்த்த என் மேலாளர், "நல்ல காரியம் செய்தீர்கள்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி என்னை உறுத்தும் விஷயம். அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது நாங்கள் பேசிக்கொண்டிருந்த அறையில் ஒலிபெருக்கி வழியாகத் தாலாட்டு இசை பத்து நொடி ஓடியது. குழந்தை பிறந்தால் கட்டடம் முழுக்க அதைப் போடுவது அங்கே வழக்கம். கணக்குப் பிரிவுப் பெண் பேனாவை வைத்துவிட்டு முடியும்வரை காத்திருந்தார். நிதிப் பொறுப்பாளர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். இசை நின்றதும் பிரிவுவாரிச் செலவுக் கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். நான் கேட்டது மொத்தக் கணக்கை மட்டும். கட்டில் பிரசவப் பிரிவுத் தாள்தான் மேலே இருந்தது.

அவர் வேண்டுமென்றே வைத்தாரா? உள்ளூரில் யாரும் சொல்ல முடியாததை வெளியூர்க்காரன் எழுதிக் கொடுக்கட்டும் என்று நினைத்தாரா? சில நாள் இதை உறுதியாக நம்புவேன், அன்று நன்றாகத் தூங்குவேன். ஆனால் அப்படியானால் தொலைபேசியில் ஏன் அந்தக் கேள்வி? யாராவது கேட்டால் 'அவர்களாகவே போட்டது' என்று சொல்ல ஓர் ஆதாரம் வேண்டியிருந்ததோ என்னவோ. அல்லது தாள் வெறுமனே வரிசையில் மேலே இருந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் அது ஒன்றாம் எண் பிரிவாகக்கூட இருக்கலாம். நான் பார்த்துச் சரி செய்துகொள்ளவில்லை. கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

ஜாமீன் கிடைத்தது. கட்டடம் வந்தது. அடிக்கல் நடுவதற்கு முன்பே வார்டை மூடிவிட்டார்கள். பிரசவம் பார்க்கும் அடுத்த ஆஸ்பத்திரி 68 மைல்.

எதிர்க்கேள்வியும் இருக்கிறது. வரியைப் போடாமல் 1.22ஐ அனுப்பியிருந்தால்? கடன் நின்றிருக்கலாம். ஐந்தாறு வருடத்தில் பாய்லரோடு ஆஸ்பத்திரியே நின்றிருக்கலாம். அப்போது மாரடைப்புக்கும் 68 மைல். இதை என் மனைவியிடம் சொன்னபோது, "சரி, அப்புறம் எதற்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்?" என்றாள்.

ஏனென்றால் அந்த வரியில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். வார்டை மூடினாலும் பிரசவ வலியோடு வாசலில் வந்து நிற்கும் பெண்ணை அவசரப் பிரிவு திருப்பி அனுப்ப முடியாது. 1986லிருந்து சட்டம் அப்படி. பனிப்புயலில் 68 மைல் போக முடியாதவள் அங்கேதான் வருவாள். அவசரப் பிரிவு நர்ஸ்களுக்குப் பயிற்சி, கருவிகள், ஆம்புலன்ஸுக்குக் கூடுதல் ஆள், எதுவும் என் கணக்கில் இல்லை. மிச்சத்தை எழுதிய நான் செலவை எழுதவில்லை. ஓர் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். 1.31. அப்போதும் தேறுகிறது. போர்டின் முடிவு மாறியிருக்காது. இது எனக்கு ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. யாருக்கும் அனுப்பவில்லை.

அதற்கப்புறம், கேட்காத வரியைப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். போன மாதம் வேறொரு மாநிலத்து ஆஸ்பத்திரி, 18 படுக்கை. அட்டவணையில் ஐந்து வரிதான் வைத்தேன். ஓரத்தில் என் ஜூனியர் குறிப்பு எழுதியிருந்தார்: 'பிரசவப் பிரிவு விட்டுப்போயிற்றா? அதை எடுத்தால் 1.25 தாண்டும்.' 'வேண்டாம், அவர்கள் கேட்டால் பார்க்கலாம்' என்று பதில் எழுதினேன். மறுநாள் அதை அழித்துவிட்டு, 'அவசரப் பிரிவுச் செலவையும் சேர்த்துப் போடுங்கள்' என்று எழுதினேன். போட்டுக் கொடுத்துவிட்டார், சுத்தமாக.

வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். இப்போதைக்கு எக்ஸெலில் அந்த வரியை மறைத்து வைத்திருக்கிறேன். இடது ஓரத்து எண்கள் பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவுகின்றன.